ஆரோக்கியம் மூடியைத் திறக்கவில்லை

மண்சரிவில் வீடிழந்தவர்களுக்குத் துணி சேர்க்கிறோம் என்று போன ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தார்கள். இன்று காலையில் உங்கள் அலுமாரியைத் திறந்தேன். நீங்கள் போய்ப் பத்து மாதமாகியும் அந்தப் பக்கத்துக் கதவை நான் தொட்டதில்லை. சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்துக்கொண்டே வந்தேன். அடியில் பழுப்பு ஜர்க்கின் கிடந்தது. அதைத் தூக்கி உதறியதும் மெஷின் எண்ணெய் மணம் குப்பென்று வந்தது. எத்தனை தடவை என் கையால் துவைத்த ஜர்க்கின் அது. துவைத்தால் போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்லி முடிக்காதது நிறைய இருக்கிறது. சொல்ல வேண்டிய நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

குண்டசாலையில் உங்களைத் தெரியாதவர் குறைவு. கராஜில் உங்கள் கைபட்டால் எந்த இயந்திரமும் எழும்பிவிடும் என்பார்கள். கோவிலில் உங்கள் குரலுக்கென்றே உங்களை வாசகம் வாசிக்கக் கூப்பிடுவார்கள். குடி கிடையாது, வம்பு கிடையாது. ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளில், நம் சொந்தக்காரர்களின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் கடைசியாக ஒன்றை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போவீர்கள். பெயர் இல்லாத ஒரு மண்மேட்டில் அதை நட்டுவைத்துவிட்டு வெகுநேரம் நிற்பீர்கள். யாருக்கு என்று கேட்டால், யாருமில்லாத ஆத்துமாவுக்கு என்பீர்கள். என்ன இரக்கமுள்ள மனிதர் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், பகல் நேரம், சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்திருந்தேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு போதுமென்று கையைத் தள்ளினீர்கள்.

"ரீட்டா, ஆரோக்கியத்த ஞாபகமிருக்கா?"

"எந்த ஆரோக்கியம்?"

"பெக்டரியில செத்துப்போனாளே. ஞானம்மா மக."

எனக்கு ஞாபகம் இருந்தது. கலஹாவுக்கு மேலே நாம் இருந்த தோட்டத்தில், நமக்குக் கல்யாணமான முதல் வருடம். நீங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் வேலையில் இருந்தீர்கள். தூள் சலிக்கும் இடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. ஓடுகிற பெல்ட்டில் தோள் துணி சிக்கி இழுத்துவிட்டது. மெஷின் மூடியை அவளே திறந்துவிட்டாள் என்றார்கள். இருபத்திரண்டு வயது. புருஷன் முன்பே விட்டுப்போய்விட்டான். ஒன்றரை வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தது.

"அவ மூடியத் தொறக்கல ரீட்டா. நான்தான் கழட்டி வச்சிருந்தேன்."

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க பெல்ட் நழுவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதை மூடியிருக்கும் இரும்பு மூடியை, நாலு நட்டையும் கழற்றி எடுக்க வேண்டும். அன்று காலையில் கழற்றியதைத் திரும்பப் பூட்டாமல், பின்னேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சுவரில் சாய்த்து வைத்தீர்கள். அவள் அடியில் கிடந்த தூளைக் கூட்டக் குனிந்தாள். நீங்கள் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினீர்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆட்கள் ஓடிவந்தார்கள். மூடியை யார் கழற்றியது என்று யாரோ கேட்டார். அவள்தான், கூட்டுவதற்குக் கழற்றினாள் என்றீர்கள்.

அப்படிச் சொல்லும்படி உங்களை யாரும் மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. விசாரணையிலும் அதையே சொன்னீர்கள். அவளுடைய கவனக்குறைவால் நடந்த சாவு என்று எழுதி மூடிவிட்டார்கள். அப்போது நம் மூத்தவன் என் வயிற்றில் மூன்று மாதம். வேலை போனால் வீடும் போகும். அதை நினைத்துத்தான் வாயில் வந்துவிட்டது என்று நீங்கள் சொன்னபோது, உங்கள் பாவத்தில் எனக்கும் என் பிள்ளைக்கும் ஒரு பங்கை எடுத்துவைத்தது போல இருந்தது.

ஆனால் என் பங்கு அதற்கு முன்பே எனக்கு இருந்தது. செத்த வீட்டுக்குப் போய்வந்த அடுத்த நாள், பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "கைப்புள்ளைக்காரி, கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்று நானும் சொன்னேன். வாளி நிரம்புகிற நேரத்துக்குள் சொன்ன பேச்சு. எனக்குப் பின்னால் ஞானம்மா குடத்தோடு நின்றிருந்ததைத் திரும்பிய பிறகுதான் பார்த்தேன். நான் உங்களிடமும் சொல்லாத விஷயம் இது.

மறுநாள் நீங்கள் ஃபாதரைக் கூப்பிடச் சொன்னீர்கள். அவர் வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக் குனிந்து உங்கள் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். நான் வராந்தாவில் நின்றேன். திரும்பி உள்ளே வந்தபோது உங்கள் முகம் தெளிந்திருந்தது. நோய் வந்த பிறகு முதல்தடவையாக என்னிடம் பிளேன்டீ கேட்டீர்கள். அந்தத் தெளிவைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபத்தாறு வருடம் கிடந்தது கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டதா என்று இருந்தது.

வாசலில் ஃபாதரை மறித்துக் கேட்டேன். நீங்கள் சொன்னதைப் பற்றி அவர் வாய் திறக்க மாட்டார் என்று தெரியும். பொதுவாகத்தான் கேட்டேன்: ஒருவருக்குச் செய்த பாவத்தைக் கடவுள் மன்னித்துவிட்டால், அந்த ஆளுக்கு என்ன கிடைக்கும்? அவர் சின்ன வயசுக்காரர்.

"மன்னிப்புக் கெடைச்சிரும் அக்கா. ஆனா நாம பண்ணின காயம் அங்கயே இருக்கும். அத நாமதான் போய்ப் பாக்கணும். போகாம இருந்தா, மன்னிப்ப வாங்கி வச்சிக்கிட்டு என்ன செய்யிறது?"

உங்களிடமும் இதையே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் வீட்டுக்கு வந்ததும், மடுல்கெல்லைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று விசாரித்தீர்கள். ஞானம்மா மகன் வீட்டோடு அங்கே ஒரு தோட்டத்தில் இருக்கிறாள் என்பது உங்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அப்போது உங்களால் நடக்க முடிந்தது. ஆறு வாரம் நடக்க முடிந்தது.

முதல்தடவை ஜர்க்கினைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய், இன்னொரு நாள் போகிறேன் என்று திரும்பினீர்கள். இரண்டாம் தடவை கண்டி பஸ் ஸ்டாண்ட் வரை போனீர்கள். பகல் முழுக்க அங்கே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தீர்கள். மழை வரும்போல இருந்தது என்றீர்கள். குண்டசாலையில் அன்று வெயில் எரித்தது. நான் சோற்றைப் போட்டேன். பிறகு கால் வீங்கியது. கட்டிலோடு கிடந்தீர்கள்.

அந்தக் கடைசி வாரத்தில் நாம் பேசியதை நான் மறக்க மாட்டேன். கடவுளே மன்னித்துவிட்டார் ரீட்டா, நீ ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டீர்கள்.

"செத்தது கடவுள் மகளா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வார்த்தை எனக்கே காதில் விழுந்தது. கட்டிலுக்கு மேலே சிலுவையில் ஆண்டவரின் பாடுபட்ட சுரூபம் தொங்கிக்கொண்டிருந்தது. நாம் இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். நீ போய் ஞானம்மாவிடம் சொல்லு என்றீர்கள். குழந்தை கேட்பதுபோலக் கேட்டீர்கள். நான் தலையணையைச் சரிசெய்தேன். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாளில் போய்விட்டீர்கள். பதில் தெரியாமல் போனீர்கள். போகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அரை வார்த்தைதான். அவ்வளவு கோபம் எனக்கு.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் நான் போனேன். வத்தேகம, பன்வில வழியாக பஸ் ஏறி ஏறிப் போனது. இறங்கி, தோட்ட ஆட்களின் லய வீடுகளுக்கு நடக்க அரை மணி நேரம். ஞானம்மா வாசலில் உட்கார்ந்து விறகுச் சுள்ளிகளை ஒடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கண் மங்கவில்லை, காதும் மந்தமில்லை. என்னைப் பார்த்த உடனே யாரென்று சொன்னாள். மனசுக்குள் ஒரு ஓரத்தில், அவளுக்கு நினைவு தப்பியிருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டே வந்திருந்தேன்.

உங்கள் சாவைச் சொன்னதும் அழுதாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. உங்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதாள். அன்றைக்கு என் பிள்ளையின் பெட்டியை முன்னால் நின்று தூக்கியவர் அவர்தானே என்றாள். நாம் தோட்டத்தை விட்டு வரும்வரை கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மஸ் பேத்திக்குத் துணி கொண்டுவந்து கொடுத்ததைச் சொன்னாள். சிவப்பில் வெள்ளைப் பூப்போட்ட ஒரு சட்டை இருந்ததாம். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளை கழற்ற மாட்டேன் என்று அழுததாம். மருமகளைக் கூப்பிட்டு எனக்கு டீ ஊற்றச் சொன்னாள்.

டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். வந்து குடித்துவிட்டால் சொல்ல முடியாது என்று பட்டது. நீங்கள் எனக்குச் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். என் வீட்டுக்காரர்தான் மூடியைக் கழற்றி வைத்தார், ஆரோக்கியம் தொடவில்லை, பழியை அவள்மேல் போட்டது அவர்தான். பீலியில் நான் சொன்னதையும் சொன்னேன்.

ஞானம்மா கையிலிருந்த சுள்ளியை ஒடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவ மெசினுக்குள்ள கைய உடல."

"இல்லம்மா."

"மூடியத் தொறக்கல."

"இல்லம்மா. அவ ஒரு தப்பும் செய்யல."

அவள் அழவில்லை. உங்களுக்காக அழுதவள், இதற்கு அழவில்லை. யாரிடமோ சொல்வதுபோலப் பேத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஷாமிலா சின்னதில் ஏதாவது தட்டிவிட்டால், கொட்டிவிட்டால், உன் அம்மாவைப் போலவே அவசரம் என்று சொல்லி ஞானம்மா அடிப்பாளாம். வளர்ந்த பிறகு கல்லறைக்குக் கூப்பிட்டால் அந்தப் பெண் வரமாட்டாளாம். என்னை நினைத்திருந்தால் அம்மா அப்படிப் போய்க் கையை விட்டிருப்பாளா, நான் இருப்பதே அவளுக்கு ஞாபகமில்லை என்பாளாம். இப்போது கட்டுநாயக்கவில் தையல் ஆலையில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒருதடவைகூட வருவதில்லை.

"கடைசி நேரத்துல சாமியார்கிட்ட சொல்லி மன்னிப்பு வாங்கிட்டாராம்மா?"

ஆமாம் என்றேன்.

"அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம். எங்கிட்ட யாரும் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க. எனக்குக் குடுக்க ஏலாது."

கேட்க வரவில்லை என்றேன். அது பொய். கேட்கத்தான் போயிருந்தேன். கொஞ்சமாவது கிடைத்தால் உங்கள் கல்லறைக்குக் கொண்டுவரலாம் என்று ஆசைப்பட்டிருந்தேன்.

பேத்தியிடம் நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள் என்று மருமகளிடம் போனை வாங்கிக் கொடுத்தாள். அது நியாயம்தான். நின்றபடியே சொன்னேன். அந்தப் பக்கம் இடைவேளை நேரம்போல, பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"சரிங்க. இப்ப நான் என்னா செய்யணும்?"

ஒன்றும் செய்ய வேண்டாம்மா, உனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் என்றேன்.

"இருவத்தேழு வயசாகுது எனக்கு" என்றாள். வேலைக்கு மணி அடித்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

டீ ஆறிப் போயிருந்தது. ஞானம்மா எழுந்து உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. மருமகள் என்னைப் பாதை வரை கொண்டுவந்து விட்டாள்.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் விரும்பியிருக்க மாட்டீர்கள். சின்னவள் அழுதாள். மூத்தவன் உங்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே போனான். நீங்கள் அவனைக் காரணம் காட்டியதை நான் சொல்லவில்லை. அதை மட்டும் மறைத்துவிட்டேன். ஒரு பொய் எப்படி ஆரம்பிக்கும் என்று அப்போது புரிந்தது. அன்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நான் இன்னும் கோவிலுக்குப் போகிறேன். எல்லாரும் சேர்ந்து சொல்லும் செபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது என் வாய் நின்றுவிடுகிறது. அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன். கடவுள் உங்களை மன்னித்தார் என்று நம்புகிறேன். அதை நம்பாமல் என்னால் இந்த வீட்டில் இருக்க முடியாது. அதே கடவுள் ஆரோக்கியத்தின் பக்கம் நின்று நியாயம் கேட்கிறார் என்றும் நம்புகிறேன். அதை நம்பாவிட்டால் அவரை எதற்குக் கும்பிட வேண்டும்? இரண்டு பேராக இருந்தால் எனக்குச் சுலபம். ஒரே கடவுளாக இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

பெரிய வெள்ளியன்று சுரூபத்தை முத்தி செய்ய வரிசையில் நின்றபோது ஒன்று தோன்றியது. இவர் நம்மை மன்னித்தது நீதிபதியின் கதிரையில் உட்கார்ந்துகொண்டு அல்ல. குத்துப்பட்டுத் தொங்கிக்கொண்டே மன்னித்தார். பொய்ச் சாட்சியில் செத்தவர் அவர். ஆரோக்கியத்தின் சாவு அவருக்குத் தெரியாத சாவு அல்ல. உயிர்த்து வந்த பிறகும் காயங்களை மறைக்காமல் கொண்டுவந்து காட்டினார். அப்படியென்றால் உங்களுக்கு வந்த மன்னிப்பு அவளைத் தாண்டி வந்ததல்ல. அவள் விழுந்த இடத்திலிருந்து, அவள் காயத்தின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அந்தக் காயத்தைப் பார்க்க உங்களைக் கூப்பிட்டதும் அந்த மன்னிப்புத்தான். நீங்கள் பஸ் ஸ்டாண்ட் வரை போனீர்கள்.

இதை யோசித்தபோது ஒரு கணம் மனசு லேசானது. என் முறை வந்தது, குனிந்து முத்தி செய்தேன், உதட்டில் மரத்தின் குளிர்ச்சி. வெளியே வந்தபோது லேசானது போயிருந்தது. ஞானம்மாவுக்கு என் யோசனையால் என்ன கிடைத்தது? நம்புகிற நாளும் இருக்கிறது. வார்த்தையாக மட்டும் தெரிகிற நாள்தான் அதிகம்.

நான் போய்வந்து மூன்று மாதம் கழித்து ஷாமிலா எனக்கு போன் எடுத்துப் பேசினாள். என் நம்பரை மாமியிடம் வாங்கியிருக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்க வீட்டுக்காரருதானே பக்கத்துல இருந்தாரு. எங்கம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

ஆஸ்பத்திரியில் உங்களிடம் எவ்வளவோ கேட்டேன். ஏன் செய்தீர்கள், எப்படித் தூங்கினீர்கள், எப்படி நற்கருணை வாங்கினீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டேன். எல்லாம் உங்களைப் பற்றி, என்னைப் பற்றி. அவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. நீங்கள் உயிரோடிருந்தபோது அது உங்களிடம் மட்டும் இருந்தது. மண்ணுக்குள் கொண்டுபோய்விட்டீர்கள்.

"தெரியலம்மா. நான் கேக்காம உட்டுட்டேன்."

"சரிங்க. ஞாபகம் வந்தா சொல்லுங்க" என்றாள்.

ஞாபகம் வருவதற்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் மாதம் ஒருதடவை போன் எடுக்கிறாள். சுகம் விசாரிப்பதில்லை. அதே கேள்வி, அதே பதில், சரிங்க. நேற்றோடு ஐந்து தடவை ஆகிவிட்டது. நீங்களும் ஆரோக்கியமும் இப்போது ஒரே இடத்தில் இருப்பீர்கள் என்றுதான் என் விசுவாசம் சொல்கிறது. அப்படி இருந்தால், அவள் முகத்தைப் பார்க்க உங்களால் முடிந்தால், அவளிடம் மன்னிப்பைக் கேட்பதற்கு முன் அந்தக் கேள்விக்குப் பதிலைக் கேட்டு வையுங்கள். நான் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். ஷாமிலாவுக்கு அது போய்ச் சேராது. எனக்குத் தெரியும்.

அடுத்த மாதமும் அவள் போன் எடுப்பாள். தெரியலம்மா என்று சொல்வேன்.